வெற்றுச் சுவரின் வேலை: ஐலீன் கிரேயின் கடலோர வீடு

மொனாக்கோவுக்கும் மாந்தோனுக்கும் இடையில், பிரான்சின் மத்தியதரைக் கடற்கரையில் ரோக்புரூன்-கப்-மார்த்தான் என்ற ஊர் இருக்கிறது. அங்கே கடலை நோக்கி இறங்கும் பாறைச் சரிவில், 1926க்கும் 1929க்கும் இடையில் கட்டப்பட்ட ஒரு வெள்ளை வீடு நிற்கிறது. வாகனம் போகும் பாதை அந்த இடத்துக்கு இல்லை. கட்டுமானப் பொருட்களைக் கைவண்டியில் தள்ளிச் செல்ல வேண்டியிருந்தது. வீட்டின் பெயர் இ-1027. முதலெழுத்து, வீட்டை வடிவமைத்த ஐலீன் கிரேயின் முதற்பெயரைக் குறிக்கிறது. 10, 2, 7 ஆகிய எண்கள் ஆங்கில நெடுங்கணக்கில் ஜே, பி, ஜி என்னும் எழுத்துகளின் வரிசை எண்கள். கிரேயை வீடு கட்டத் தூண்டிய ழான் படோவிச்சியின் இரண்டு எழுத்துகளை ஐலீன் கிரேயின் எழுத்துகள் இருபுறமும் அணைத்து நிற்கும்படி அமைந்த பெயர் இது. இந்த வீட்டைப் பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றில் பெரும்பங்கு, 1938இலும் 1939இலும், சண்டிகர் நகரத்தின் வழியாக நமக்கு அறிமுகமான கட்டடக்கலைஞர் லெ கார்புசியே அதன் சுவர்களில் தீட்டிய ஓவியங்களைப் பற்றியது. புகழ்பெற்ற ஆண் ஒருவர் பெண் கலைஞர் ஒருவரின் படைப்பில் அத்துமீறினார் என்பது அந்த எழுத்துகளின் சாரம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இருவரின் குணத்தையும் உறவையும் பேசும் அந்த வாதத்தில் கட்டடம் வெறும் களமாகிவிடுகிறது. கட்டடத்தையே சாட்சியாக நிறுத்திக் கேட்டால் வேறொரு விடை கிடைக்கிறது. இந்த வீடு ஒரே விதியின்மேல் எழுப்பப்பட்டது: இங்கே வசிப்பவர் எதை மாற்றினாலும் அதை மறுபடி பழைய நிலைக்குக் கொண்டுவர முடிய வேண்டும். சுவரோவியங்கள் அந்த விதியை முறித்தன. அவை நல்ல ஓவியங்களா, தீட்டியவர் நல்லெண்ணத்தோடு தீட்டினாரா என்ற கேள்விகளெல்லாம் இதற்குப் பின்னர்தான் வர வேண்டும்.

1878இல் அயர்லாந்தின் என்னிஸ்கார்த்தியில் பிறந்த கிரே, லண்டனின் ஸ்லேடு கலைப்பள்ளியில் பயின்று பாரிஸில் குடியேறியவர். கட்டடக்கலைப் பட்டம் எதுவும் அவரிடம் இல்லை. ஜப்பானியக் கைவினைஞர் சுகவாராவிடம் அரக்குப் பூச்சு வேலையைப் பல ஆண்டுகள் கற்றார். மெல்லிய பூச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக இட்டு, ஒவ்வொன்றும் காயும்வரை காத்திருந்து, தேய்த்து மெருகேற்றும் வேலை அது. 1922இல் பாரிஸில் ழான் தெசேர் என்ற கடையைத் திறந்து தாம் வடிவமைத்த அறைக்கலன்களையும் விரிப்புகளையும் விற்றார். ருமேனியாவில் பிறந்த கட்டடக்கலைஞரும் லார்க்கிதெக்தூர் விவாந்த் என்னும் இதழின் ஆசிரியருமான படோவிச்சிதான் அவரை வீடு கட்டத் தூண்டினார். ஆக, இந்த வீட்டை எழுப்பியவர் தம் ஐம்பதாவது வயதை நெருங்கிக்கொண்டிருந்த, நாற்காலியின் கையும் மேசையின் விளிம்பும் உடலில் எங்கே படும் என்பதைத் தொழிலாகவே அறிந்திருந்த ஒருவர். அவருடைய சிந்தனை அறைக்கலனிலிருந்து சுவருக்குச் சென்றது. சுவரைக் கட்டி முடித்து, பிறகு உள்ளே எதை வைப்பது என்று யோசிக்கும் வழக்கத்துக்கு இது நேர் எதிர்.

உள்ளே இருக்கும் பொருட்களைக் கவனித்தால் இது விளங்கும். இன்று உலகெங்கும் விற்கப்படும் அந்த வட்ட மேசை, எஃகுக் குழாயும் கண்ணாடித் தட்டும் கொண்டது. அதன் கால் கட்டிலுக்கடியில் நுழையும். உயரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். படுக்கையில் அமர்ந்தபடியே உண்ணவும் படிக்கவும் ஏற்றது. உணவு மேசையின் பரப்பில் கார்க் ஒட்டப்பட்டது, கோப்பையும் தட்டும் வைக்கும்போது ஓசை எழாதிருக்க. மேல்தளத்தின் முன்னே நீளும் முகப்பு மாடத்தில் கெட்டியான கைப்பிடிச் சுவர் கிடையாது. குழாய்க் கம்பிகளுக்கிடையே கித்தான் கட்டப்பட்டது. குளிர்காலத்தில் அந்தக் கித்தானை அவிழ்த்துவிட்டால், உட்கார்ந்திருப்பவரின் கால்களிலும் வெயில் படும். ஜன்னல்கள் மடிப்புத் திரைபோல ஓரங்களுக்கு ஒதுங்குபவை. அவற்றின் வெளியே நகரும் கதவுகளில் சாய்வுப் பலகைகள் உண்டு; காற்றை விட்டு வெளிச்சத்தை மட்டும் தடுக்கவும், இரண்டையும் விடவும், இரண்டையும் தடுக்கவும் வசிப்பவரின் கையால் முடியும். சமையலறையை ஒரு கண்ணாடித் தடுப்பு இரண்டாகப் பிரிக்கிறது. தடுப்பை மடக்கினால் அது திறந்தவெளிச் சமையலறை. கோடையில் வெளியிலும் குளிரில் உள்ளேயும் சமைக்கும் அந்தக் கரையோரப் பெண்களின் வழக்கத்தைப் பார்த்து இதை வகுத்தார் கிரே. அலமாரிகளின்மேல் உள்ளே இருப்பதன் பெயர் அச்சுத்தகடு வைத்து எழுதப்பட்டிருக்கிறது. வெயிலின் போக்கையும் காற்றின் திசையையும் ஆராய்ந்து அறைகளின் இடம் தீர்மானிக்கப்பட்டது. நவீனக் கட்டடக்கலையின் தொடக்ககால வீடுகளில், வசிப்பவரின் அன்றாடச் சிறு அசைவுகளை இவ்வளவு உன்னிப்பாகக் கணக்கில் எடுத்துக்கொண்ட வேறொன்றை நான் அறியேன். இத்தனைக்கும் பொதுவாக இருக்கும் பண்பைக் குறித்துக்கொள்ள வேண்டும். மேசை உயர்ந்தால் தாழும், கித்தான் அவிழ்ந்தால் மறுபடி கட்டப்படும், மடங்கிய தடுப்பு விரியும். ஒருவர் இன்று செய்யும் தேர்வு நாளை வருபவரின் தேர்வைப் பறிப்பதில்லை.

இத்தனை பொருட்கள் அசைய வேண்டுமானால் அசையாத ஒன்று வேண்டும். அந்த வேலையைத்தான் வெற்றுச் சுவர் செய்கிறது. வாசலில் நுழைபவர் கூடத்தை நேராகப் பார்த்துவிட முடியாது. தொப்பியும் குடையும் வைக்கும் மாடங்களைத் தன்னுள் கொண்ட ஒரு தடுப்பு எதிரில் நின்று அவரைச் சற்றே சுற்றி வரச் செய்கிறது. மெதுவாக நுழையச் சொல்லும் சிறு வாசகமும் அங்கே எழுதப்பட்டிருக்கிறது. கூடத்துக்குள் வந்த பிறகும் எல்லாம் ஒரே பார்வையில் அகப்படுவதில்லை. படுக்கைக்கான மறைவும் உணவுக்கான மூலையும் தனித்தனியே ஒதுங்கியிருக்கின்றன. சிறிய வீடாக இருந்தும், ஒவ்வொரு அறையிலிருந்தும் வெளியே செல்லத் தனி வழி உண்டு. பலர் கூடியிருக்கும் வீட்டில் ஒருவர் தனித்திருக்க முடிய வேண்டும் என்பது கிரேயின் அக்கறை. இப்படிப்பட்ட இடத்தில் கடலின் ஒளி விழுந்து நகரும் பரப்பாகவும், கண் இளைப்பாறும் இடமாகவும் இருப்பது வெறுமையான சுவர். கடல் வரைபடம் ஒன்றைக் கூடத்துச் சுவரில் கிரேயே பொருத்தினார் என்பதை இங்கே மறைக்கக் கூடாது. சுவர்களில் அவர் எழுதிய குறும்பான வாசகங்களும் உண்டு. ஆனால் வரைபடத்தின் இடம் அளந்து தரப்பட்டது, வாசகங்கள் ஒரு கைவிரல் அளவுக்கு மேல் பேசுவதில்லை. எங்கே எவ்வளவு பேசலாம் என்பதையும் சேர்த்தே அவர் வடிவமைத்திருந்தார்.

இதற்கு முதலில் எழக்கூடிய மறுப்பு, இந்த வீட்டின் இலக்கணமே லெ கார்புசியேயினுடையது அல்லவா என்பது. தூண்களின்மேல் உயர்த்திய தளம், மொட்டை மாடி, சுமைச் சுவர்களிலிருந்து விடுபட்ட உள்ளமைப்பு, சுமை தாங்காத முகப்பு, நீளவாட்டு ஜன்னல் என 1927இல் அவர் வகுத்துரைத்த ஐந்து கூறுகளும் இ-1027இல் இருக்கின்றன. கடன் உண்மைதான், கிரே அதை மறைக்கவும் இல்லை. ஆனால் கடன் வாங்கியதை எதற்குப் பயன்படுத்தினார் என்று பார்க்க வேண்டும். சுமை தாங்கும் சுவரிலிருந்து விடுதலை கிடைத்ததும் லெ கார்புசியே இடத்தைத் திறந்தார்; நடந்து செல்லும் கண்ணுக்கு அடுத்தடுத்துக் காட்சிகள் விரியும்படி வீட்டை ஒழுங்கு செய்தார். கிரே அதே விடுதலையைக் கொண்டு இடத்தை மறைத்தார். தடுப்புகளை வைத்துக் காட்சியைத் தள்ளிப்போட்டார். தூண்களின்மேல் வீடு முழுவதையும் தூக்கி நிறுத்தாமல், சரிவின் இயற்கையான படிகளை அப்படியே விட்டு, அதன் போக்கில் ஒரு பகுதியை மட்டும் உயர்த்தினார். 1929இல் படோவிச்சியின் இதழ் இந்த வீட்டுக்கெனவே ஒரு சிறப்பிதழ் வெளியிட்டது. அதில் இருவரும் உரையாடும் வடிவில் அமைந்த கட்டுரையில், புதிய கட்டடக்கலைஞர்கள் வெளித்தோற்றத்தில் காட்டும் ஆர்வத்துக்காக உள்ளிருப்பவரின் நலனைப் பலியிடுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு வெளிப்படையாகவே வைக்கப்படுகிறது. வீடு என்பது வாழ்வதற்கான இயந்திரம் என்ற லெ கார்புசியேயின் புகழ்பெற்ற கருத்தையும் கிரே ஏற்கவில்லை. மனிதரின் ஓடு போல, உடலின் நீட்சி போல வீடு இருக்க வேண்டும் என்பது அவர் நிலை. எனவே இந்த வீடு லெ கார்புசியேயின் இலக்கணத்தில் எழுதப்பட்ட, அவருக்கான மறுப்பு. இதை உணர்ந்துகொண்டால்தான் ஓவியங்கள் எதன்மேல் விழுந்தன என்பது தெரியும்.

1932 அளவில் கிரே இந்த வீட்டை விட்டு நீங்கி, அருகிலுள்ள மலைப்பக்கத்தில் காஸ்தெல்லார் என்ற ஊரில் தமக்கெனத் தனி வீடு கட்டத் தொடங்கினார். நிலம் படோவிச்சியின் பெயரில் இருந்ததால் இ-1027 அவரிடமே நின்றது. லெ கார்புசியே அங்கே விருந்தினராக வந்து தங்கினார். 1938இல் கிரேக்கு எழுதிய கடிதத்தில் வீட்டின் உள்ளும் புறமும் ஒழுங்குபடுத்தப்பட்டிருக்கும் அரிய பண்பை மனமுவந்து பாராட்டினார். அதே ஆண்டிலேயே சுவர்களில் தீட்டவும் தொடங்கினார். கூடத்தில், நுழைவாயிலருகே, விருந்தினர் அறையில், தூண்களுக்கடியில் என்று பெரிய உருவங்களும் அடர்ந்த வண்ணங்களும் வீட்டில் பரவின. கிரேயிடம் யாரும் கேட்கவில்லை. அவர் இதை நாசவேலையாகவே கருதினார் என்கிறார் அவர் வாழ்க்கையை எழுதிய பீட்டர் ஆடம். லெ கார்புசியே சுவரோவியத்தை எப்படிப் புரிந்துகொண்டிருந்தார் என்பதற்கு அவருடைய எழுத்தே சான்று தருகிறது. சுவரை அழகுபடுத்த அல்ல, சுவரின் கனத்தையும் நிலைப்பையும் வன்மையாகத் தகர்க்கவே சுவரோவியத்தை ஏற்கிறேன் என்ற பொருளில் 1932இல் ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். பின்னாளில் இந்த ஓவியங்களைக் குறிப்பிட்டபோது, வீட்டின் நல்ல சுவர்களை விட்டுவிட்டு எதுவும் நிகழாத, களையற்ற சுவர்களையே தேர்ந்தெடுத்ததாகச் சொன்னார். இது பழியைத் தணிக்கச் சொன்ன சமாதானமாக இருக்கலாம். எனினும் வாதத்தின் மையமே இதில் அடங்கியிருக்கிறது. எதுவும் நிகழாத சுவர் என்று அவர் கண்டது, எதுவும் நிகழக்கூடாது என்று கிரே தீர்மானித்திருந்த சுவர். மெதுவாக நுழையச் சொல்லும் வாசலில் ஓர் ஓவியம் ஓங்கிக் குரல் கொடுத்தால், அந்த நிதானம் போய்விடுகிறது. ஓவியத்தின் தரம் உயர உயர இந்தப் பாதிப்பு கூடுமே தவிரக் குறையாது, ஏனெனில் நல்ல ஓவியம் கண்ணை இன்னும் வலுவாகப் பிடித்து நிறுத்தும்.

வீட்டின் உரிமையாளர் படோவிச்சி, அவர் சம்மதித்தார், வேறு யார் கேள்வி கேட்பது என்று சொல்லப்படுவதுண்டு. சட்டப்படி இதற்கு மறுமொழி இல்லை. ஆனால் கட்டடக்கலை சார்ந்த தீர்ப்பு சொத்துப் பத்திரத்தைப் பார்த்து எழுதப்படுவதில்லை. அத்தோடு அந்த உரிமையாளரே பின்னர் மனம் மாறினார். 1949இல் லெ கார்புசியேக்கு எழுதிய கடிதத்தில், தன் வீடு அவருடைய சோதனைக்களமாக ஆக்கப்பட்டதையும், ஓவியத்துக்குக் கொள்கையளவிலேயே இடம் தராத பயன்பாட்டுக் கட்டடக்கலையின் ஆழ்ந்த பொருள் பலியிடப்பட்டதையும் அவர் கடுமையாகக் கண்டித்தார். சம்மதித்தவரே இப்படிச் சொன்னதை, நட்பு முறிந்த கசப்பு என்று ஒதுக்கலாம். ஆனால் கசப்பில் சொல்லப்பட்டதாலேயே ஒரு காரணம் பொய்யாகிவிடாது. அவர் சொன்ன காரணம் வீட்டின் அமைப்போடு பொருந்துகிறது.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. மாறுவதற்கென்றே கட்டப்பட்ட வீடு இது என்று நானே சொல்கிறேன். அப்படியானால் ஓவியங்களும் ஒரு மாற்றம்தானே? வசிப்பவர் வீட்டைத் தம் விருப்பப்படி ஆக்கிக்கொள்வதைக் கிரே வரவேற்றிருப்பாரே! ஆம், வரவேற்றிருப்பார். வீட்டில் வாழ்கிறவர்கள் ஆணி அடிப்பார்கள், படம் மாட்டுவார்கள், கட்டிலை நகர்த்துவார்கள். ஒரு படத்தை மாட்டினால் கழற்றலாம். சுவரில் நேரடியாகத் தீட்டியது அந்தச் சுவரைத் தனக்கே உரியதாக்கிக்கொள்கிறது. பிறகு அந்த அறையில் எந்த மேசையை எங்கே நகர்த்தினாலும் அது ஓவியத்தின் முன்னால் நகர்த்தியதாகவே ஆகிறது. தூண்களுக்கடியில் இருப்பதோ கோடுகளாகச் சுவரில் கீறப்பட்டது. இந்த வீட்டில் மாற்றம் என்பது வசிப்பவரின் கையில் தினமும் இருக்கும் உரிமை. ஓவியங்கள் ஒருவர் ஒருமுறை பயன்படுத்தி, பிறருக்கு இல்லாமல் செய்த உரிமை. 1949இலும் 1960களின் தொடக்கத்திலும் லெ கார்புசியே தாமே திரும்பி வந்து அவற்றைச் செப்பனிட்டார். ஒரு வீட்டின் அன்றாட மாற்றத்துக்கு இப்படிப்பட்ட காவல் தேவைப்பட்டிருக்காது.

ஓவியங்கள்தான் வீட்டைக் காப்பாற்றின என்பது அடிக்கடி கேட்கும் வாதம். அதில் உண்மை இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் படைவீரர்கள் இந்தச் சுவர்களைச் சுட்டுப் பழகப் பயன்படுத்தினார்கள். 1956இல் படோவிச்சி இறந்தார். 1960இல் வீடு விற்பனைக்கு வந்தபோது, ஓவியங்கள் அழிந்துவிடக் கூடாது என்பதற்காக லெ கார்புசியே அக்கறை எடுத்துத் தமக்குத் தெரிந்த சுவிஸ் பெண்மணி ஒருவர் வாங்கும்படி செய்தார். அதற்குள் 1952இலேயே வீட்டின் பின்புறம் மேட்டில் 3.66 மீட்டர் சதுரத்தில் தம் மரக்குடிலைக் கட்டிக்கொண்டிருந்தார். 1965 ஆகஸ்ட் 27இல் அந்தக் கடலில் நீந்தும்போதே இறந்தார். வீடு பிறகு கை மாறி, 1990களின் தொடக்கத்தில் அறைக்கலன்கள் ஏலத்தில் சிதறி, 1996இல் உரிமையாளர் அங்கேயே கொலையுண்டு, கதவு ஜன்னல்கள் உடைந்து கிடந்தது. 1999இல் பிரான்சின் கடலோரப் பாதுகாப்பு அமைப்பு அதை வாங்கியதிலும், அடுத்த ஆண்டே அது வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டதிலும் லெ கார்புசியேயின் பெயருக்குப் பங்கு உண்டு. இதையெல்லாம் ஏற்றுக்கொண்டே ஒன்று கேட்க வேண்டும். கிரேயின் பெயர் மட்டும் இந்த வீட்டைக் காப்பாற்றப் போதாமல் போனது எதனால்? 1940களில் லெ கார்புசியே இந்த ஓவியங்களின் படங்களை வெளியிட்டபோது கப் மார்த்தானில் உள்ள ஒரு வீடு என்று குறிப்பிட்டாரே தவிர, கிரேயின் பெயரைச் சொல்லவில்லை. காலப்போக்கில் வீடு படோவிச்சியினுடையது என்றும், சில இடங்களில் லெ கார்புசியேயினுடையதே என்றும் அச்சேறியது. 1968இல் கட்டடக்கலை வரலாற்றாசிரியர் ஜோசப் ரிக்வெர்ட் தோமுஸ் இதழில் கிரேயைப் பற்றி எழுதிய கட்டுரை வரும்வரை இந்த இருள் நீடித்தது. அப்போது கிரேக்கு வயது தொண்ணூறு. பெயரை மறைத்த வெளியீடுகளும், வீட்டைக் காத்த புகழும் ஒரே ஓவியங்களிலிருந்து வந்தவை. பின்னதைக் கணக்கில் வரவு வைப்பவர்கள் முன்னதையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும்.

கிரேயை உயர்த்தும் ஆர்வத்தில் படோவிச்சியைக் குறைக்கிறோமா என்ற ஐயமும் நியாயமானது. 1929 சிறப்பிதழ் இருவரின் பெயரையும் தாங்கியே வந்தது. மடிப்பு ஜன்னல் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றவர் படோவிச்சி. கட்டடக்கலையின் தொழில்நுட்ப மொழியைக் கிரேக்குத் திறந்துவிட்டவரும் அவரே. இருவரின் உழைப்பையும் ஜன்னல் ஜன்னலாகப் பிரித்து எடைபோட நான் முயலவில்லை, அது தேவையும் இல்லை. அறைக்கலனிலிருந்து சுவருக்குச் செல்லும் சிந்தனை இந்த வீட்டின் உயிர் என்றால், அது கிரேயின் அதற்கு முந்தைய இருபது ஆண்டு வேலையிலும், இதற்குப் பின் காஸ்தெல்லாரில் கட்டிய வீட்டிலும் தொடர்ச்சியாகத் தெரிகிறது. வேறெந்தச் சான்றையும்விட இந்தத் தொடர்ச்சியை நான் நம்புகிறேன்.

இனி என்ன செய்வது என்பது வெறும் கோட்பாட்டுக் கேள்வி அல்ல. 2015இல் வீடு பார்வையாளருக்குத் திறக்கப்பட்டது. பழுதுபார்ப்பு 2021 வரை நீண்டது. உப்புக்காற்றில் துருவேறிய கம்பிகளும் வெடித்த கான்கிரீட்டும் செப்பனிடப்பட்டன. ஏலத்தில் போன அறைக்கலன்களில் சில பாரிஸின் பொம்பிடூ மையத்தில் இருப்பதால், வீட்டுக்கென நகல்கள் செய்து வைக்கப்பட்டன. நகல்கள் போலி என்று முகம் சுளிப்பவர்களோடு நான் உடன்படவில்லை. அசையும் மேசை இல்லாமல் அசையாத சுவருக்குப் பொருள் கிடையாது. இந்த வீட்டில் அறைக்கலன்களை அகற்றுவது, வேறொரு வீட்டில் தூண்களை அகற்றுவதற்குச் சமம். ஓவியங்களைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும் என்ற கோரிக்கையையும் என்னால் ஏற்க முடியவில்லை. சுரண்டினால் 1929இன் சுவர் திரும்பாது. அதன் இடத்தில் இன்றைய பூச்சு ஒன்று வரும், நடந்ததற்கான சான்றும் போகும். திரும்பப் பெற முடியாத செயலைத் திரும்பப் பெற முடியாத இன்னொரு செயலால் சரிசெய்வது இந்த வீட்டின் விதிக்கே முரணானது. அந்த விதி தரும் வழி வேறு. தூண்களுக்கடியில் உள்ளது வெளிப்புறத்தில் இருக்கிறது. அது அப்படியே தெரியலாம். கூடத்திலும் நுழைவாயிலிலும், கிரே தம் கையால் செய்த தடுப்புகளைப் போலவே நகர்த்தக்கூடிய வெள்ளைத் தடுப்புகளை ஓவியங்களின் முன் நிறுத்தலாம். வருபவர்கள் முதலில் அறையை அதன் அமைதியோடு பார்க்கட்டும். பிறகு தடுப்பு நகர்த்தப்பட்டு ஓவியம் காட்டப்படட்டும். 2016இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த லெ கார்புசியேயின் பதினேழு படைப்புகளில் மேட்டிலுள்ள மரக்குடிலும் சண்டிகரின் கேப்பிட்டல் வளாகமும் அடங்கும். அவருடைய கலைக்கு இந்தக் கரையிலேயே உறுதியான இடம் கிடைத்துவிட்டது. கிரேயின் கூடத்தில் ஓவியம் எப்போது தெரிய வேண்டும், எப்போது மறைய வேண்டும் என்பதை முடிவு செய்யும் உரிமை மறுபடி அந்த அறைக்கே வரட்டும்.